கம்மாய்க்கரைச் சாலை எத்தனையாம் தரம்?

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கம்மாய்க்கரை. பந்தல் சாமான் ஏற்றி வந்த மினி லாரி ஒன்று பின்சக்கரம் புதைந்து, தண்ணீர்ப் பக்கமாக ஒருக்களித்து நின்றது. இரும்புக் குழாய்களைக் கயிறு அவிழ்த்து ஒவ்வொன்றாகக் கரைமேல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டதும் டிரைவர் கைப்பேசியை நீட்டினார். திரையில் கம்மாயின் வளைவை ஒட்டி ஒரு சாலைக் கோடு ஓடியது. "ரோடுன்னுதாண்ணே காட்டுச்சு. ஆறு கிலோமீட்டர் மிச்சம்னுச்சு."

அந்தச் செயலிக்கு அடியில் இருந்தது ஓபன்ஸ்ட்ரீட்மேப். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடம் அது. யார் எந்தக் கோட்டை எப்போது வரைந்தார், எந்தச் சொல்லை மாற்றினார் என்பதெல்லாம் பதிப்பு பதிப்பாக அதில் பதிவாகியிருக்கும். அங்கேயே நின்று அந்தக் கோட்டின் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். முதல் பதிப்பு, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தது. சாலை வகை என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: 'டெர்ஷியரி'. மூன்றாம் நிலைச் சாலை.

வரைந்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலிருந்து பார்க்கும் படத்தில் தார்ச்சாலை கறுத்து மங்கித் தெரியும். சரளை போட்ட கரையோ வெயிலில் பளீரென்று அகலமாக, நேராக, நம்பிக்கையாகத் தெரியும். அந்தப் பளபளப்பை நம்பி நானும் எத்தனையோ கோடுகளை வரைந்திருக்கிறேன். அந்த ஒரு சொல் எப்படி லாரியைக் கரைமேல் ஏற்றியது என்பதை முதலில் பார்ப்போம்.

இந்த வரைபடத்தில் சாலை என்பது புள்ளிகளைக் கோத்த ஒரு கோடு. ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. கோட்டின்மேல் குறிச்சொற்களை ஒட்டுகிறோம்: வகை என்ன, பெயர் என்ன, எண் என்ன, மேற்பரப்பு தாரா மண்ணா, ஒருவழியா இருவழியா. வழி கேட்கும் இயந்திரத்துக்கு இவ்வளவுதான் தெரியும். கரையின் ஈரமோ, எருமை நிற்பதோ, டீக்கடையில் கூட்டம் சேர்வதோ அதன் கண்ணில் படாது.

1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடை முற்றத்தில் உட்கார்ந்து, காகிதமும் பேனாவும் இல்லாமல், இருபதே நிமிடத்தில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஒரு வழிமுறையை யோசித்தார். ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்கு மிகக் குறுகிய வழி எது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. 1959-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. இன்று கைப்பேசியில் வழி சொல்லும் நிரல்கள் எவ்வளவோ வேகப்படுத்தப்பட்டவை என்றாலும், அவற்றின் அடிமனதில் இருப்பது அந்த யோசனையே. ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஒரு செலவு வைத்து, மொத்தச் செலவு குறைவாக வரும் வழியைத் தேடுகின்றன. கார் ஓட்டுபவருக்குச் செலவு என்பது நேரம். துண்டின் நீளத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும். நீளம் புள்ளிகளிலிருந்து கிடைக்கிறது. வேகத்துக்கு எங்கே போவது?

அதற்குத்தான் அந்தச் சொல். ஓ.எஸ்.ஆர்.எம். என்ற திறந்தமூல வழிகாட்டி நிரலை எடுத்துக்கொள்வோம். வேக வரம்பு எழுதப்படாத சாலையானால் அது வகையைப் பார்த்து வேகத்தைத் தானே வைத்துக்கொள்ளும். காருக்கான அதன் அட்டவணையில் 'மோட்டார்வே' மணிக்கு 90 கிலோமீட்டர், 'டிரங்க்' 85, 'பிரைமரி' 65, 'செகண்டரி' 55, 'டெர்ஷியரி' 40; 'ரெசிடென்ஷியல்' எனப்படும் குடியிருப்புத் தெரு 25. நம் ஊரில் எத்தனை தெருக்களுக்கு வேக வரம்பு எழுதியிருக்கிறது? ஆகவே இங்கே அந்த ஒற்றைச் சொல்தான் ஆக்சிலேட்டர்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஊர்களுக்கு நடுவே 12 கிலோமீட்டர் டெர்ஷியரி சாலை ஒன்று; 18 நிமிடம். ஒரு கிராமத்தின் நடுவே புகுந்து போகும் 8 கிலோமீட்டர் குடியிருப்புத் தெரு இன்னொன்று. 19 நிமிடத்துக்குச் சற்று மேல். இயந்திரம் பெரிய சாலையையே காட்டும். வீட்டிலிருந்தபடி ஒருவர் அந்தத் தெருவையும் டெர்ஷியரி என்று மாற்றிவிட்டால் 8 கிலோமீட்டருக்கு 12 நிமிடம் ஆகிவிடும். அன்று முதல் வெளியூர் வண்டி எல்லாம் அந்தக் கிராமத்துத் திண்ணைகளை உரசிக்கொண்டு போகும். ஏன் திடீரென்று இத்தனை வண்டி என்று ஊரில் யாருக்கும் புரியாது.

இத்தனை அதிகாரம் கொண்ட சொற்கள் எங்கிருந்து வந்தன? ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் லண்டனில் தொடங்கியது. ஸ்டீவ் கோஸ்ட் அப்போது அங்கே மாணவர். அரசு வரைபடத் தரவு விலை கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்த நாட்டில், ஜி.பி.எஸ். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நாமே நடந்து வரையலாம் என்று கிளம்பிய வேலை அது. தொடங்கியவர்கள் தங்கள் ஊர்ச் சாலைகளை எப்படிப் பிரித்தார்களோ அப்படியே சொல் வைத்தார்கள். பிரிட்டனில் சாலைகளை ஏ, பி என்று தரம் பிரித்து எண் கொடுக்கும் முறை 1920-களின் தொடக்கத்தில் வந்தது. ஏ சாலைகளில் முக்கியமானவை டிரங்க், மற்றவை பிரைமரி. பி சாலைகள் செகண்டரி. இந்த வரைபடத்தின் நிலையான தோற்றத்தில்கூட 2015 வரை மோட்டார்வேக்கு நீலம், டிரங்குக்குப் பச்சை என்று பிரிட்டிஷ் சாலைப் பலகைகளின் வண்ணமே இருந்தது.

இந்தப் பிறப்பிடத்தால் வந்த பெரிய குழப்பம் 'அன்கிளாசிஃபைடு' என்ற சொல். படித்ததும் என்ன தோன்றும்? 'வகை தெரியவில்லை' என்று. அப்படியில்லை. ஏ, பி முதலிய தரங்களுக்குக் கீழே இருக்கும் பொதுச் சாலைக்குப் பிரிட்டனில் வழங்கும் பெயர் அது. ஊரையும் ஊரையும் இணைக்கும் கடைசிப்படி இணைப்புச் சாலை என்று அதற்குத் திட்டவட்டமான பொருள் உண்டு. புதிதாக வருபவர்கள் இதை அறியாமல், 'தெரியவில்லை' என்ற நினைப்பில் போட்டுவிட்டுப் போகிறார்கள். வேறு சிலர், தெரியாததாக விட்டுவைக்கக் கூடாதே என்று அக்கறையோடு வேறு வகைக்கு மாற்றிவிடுகிறார்கள்.

இந்தச் சொற்களை ஒவ்வொரு நாடும் தன் சாலைகளோடு பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ஆட்டோபானுக்கு மோட்டார்வே என்று எளிதாக முடிந்தது. ஆப்பிரிக்க நாடுகளுக்கான வழிகாட்டுதலோ, தார் இருக்கிறதா என்று பார்க்காதே, அந்தச் சாலை எந்த ஊர்களை இணைக்கிறது என்று பார் என்றது. இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே செம்மண் சாலைதான் வழி என்றால் அதுவே முதன்மைச் சாலை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

இந்தியாவில் பரவலாகப் பின்பற்றப்பட்டது ஒரு நேர்க்கோட்டுப் பொருத்தம்: தேசிய நெடுஞ்சாலை டிரங்க், மாநில நெடுஞ்சாலை பிரைமரி, மாவட்ட முக்கியச் சாலை செகண்டரி, இதர மாவட்டச் சாலை டெர்ஷியரி. சரிபார்ப்பதும் சுலபம். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. கல்லைப் பார், சொல்லைப் போடு.

ஆனால் காகிதத் தகுதியை மட்டும் நம்பினால் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். போடிமெட்டு மலையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்து ஏறும் சாலை தேசிய நெடுஞ்சாலை 85. சென்னையில் ஆறு வழித்தடங்களாக விரிந்து கிடக்கும் பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) மாநில நெடுஞ்சாலை. விதிப்படி மலைச்சாலைக்கு ஒரு படி மேலான தகுதி. அட்டவணை வேகமும் அதற்கே அதிகம். உண்மையில் ஒரு சாலைக்கு மூன்று அளவைகள் இருக்கின்றன. அரசுக் கோப்பு தரும் தகுதி ஒன்று. அகலம், மேற்பரப்பு, வளைவு ஆகியவற்றைக் கொண்ட உடம்பு ஒன்று. ஊர்களுக்கு நடுவே அது செய்யும் வேலை ஒன்று. வரைபடக்காரர்களுக்குள் மூளும் சண்டையில் பெரும்பகுதி, ஒருவர் ஒரு அளவையையும் மற்றவர் இன்னொரு அளவையையும் கையில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருகிறது. என் முடிவு இது: கோப்புத் தகுதிக்கு எண் என்ற குறிச்சொல் இருக்கிறது. உடம்புக்கு மேற்பரப்பு, அகலம், வழித்தடங்களின் எண்ணிக்கை என்று தனித்தனிக் குறிச்சொற்கள் இருக்கின்றன. வகை என்ற சொல், சாலை செய்யும் வேலையைச் சொல்லட்டும்.

எண்ணைப் பற்றிச் சொன்னதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் அறிவிக்கப்பட்டபோது எல்லோருக்கும் எரிச்சலாக இருந்தது. அதற்குள் இருக்கும் ஒழுங்கு தெரிந்தால் எரிச்சல் போய்விடும். வடக்கு-தெற்காக ஓடுபவை இரட்டை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையை ஒட்டி 32, அதற்கு மேற்கே 36, பிறகு 38, பிறகு காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் 44, அரபிக் கடலோரம் 66. குறுக்கே ஓடுபவை ஒற்றை எண். வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். சேலம்-உளுந்தூர்பேட்டை 79, கோவை, கரூர், திருச்சி வழியாகச் சிதம்பரம் போவது 81, திண்டுக்கல், திருச்சி, தஞ்சை வழியாக நாகை போவது 83, கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டி 85, இராமேசுவரம் 87. மூன்று இலக்கமென்றால் கிளை: சேலத்தில் 44-இலிருந்து பிரிந்து கோவை வழியாகக் கொச்சி போவது 544. எண்ணைக் கேட்டதும் திசையும் இடமும் தோராயமாகத் தெரிந்துவிடும்.

ஆனாலும் சென்னையிலிருந்து திருச்சிக்கு மக்கள் மனதில் ஒரே சாலைதான். பழைய கணக்கில் அது 45. புதிய கணக்கில் திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரத்துக்கு 132, அப்புறம் 38. தாம்பரத்தில் நிற்பவருக்கோ இதில் எந்த எண்ணும் தேவையில்லை, அது ஜி.எஸ்.டி. ரோடு.

இங்கேதான் பெயர் வருகிறது. வகையைவிட இது எனக்குக் கடினம். திண்டுக்கல்லில் நின்றால் அது மதுரை ரோடு. மதுரையில் நின்றால் திண்டுக்கல் ரோடு. இரண்டும் சரி. நம் ஊர்களில் சாலைப் பெயர் என்பது பெரும்பாலும் போகும் திசைக்குக் காட்டும் கை. நிற்கும் இடம் மாறினால் பெயரும் மாறும். வரைபடமோ ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயரைக் கேட்கிறது. மதுரை ரோடு எந்தப் புளியமரத்தடியில் முடிந்து திண்டுக்கல் ரோடாகிறது? கோட்டை எங்கே வெட்டுவது? ஊர் எல்லை முடியும் இடத்தில் வெட்டி, நடுவில் பெயரில்லாமல் எண்ணோடு மட்டும் விடுவதுதான் நேர்மை என்று நான் செய்து வருகிறேன். யாரும் பெயர் சொல்லாத இடத்தில் வரைபடம் பெயரைத் திணிக்க வேண்டியதில்லை.

ஒரே சாலைக்குப் பல பெயர் இருப்பதற்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இடமுண்டு. பெயர், அரசுப் பெயர், பழைய பெயர், மாற்றுப் பெயர், ஊர் வழக்கு, தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் எனத் தனித்தனிப் பெட்டிகள். அண்ணா சாலைக்குப் பழைய பெயர்ப் பெட்டியில் மவுண்ட் ரோடு. ராதாகிருஷ்ணன் சாலைக்கு எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. ஓ.எம்.ஆர். என்று தேடுபவருக்கும் ராஜீவ் காந்தி சாலை என்று தேடுபவருக்கும் ஒரே கோடு கிடைக்க வேண்டும். திரையில் பெரிதாகத் தெரியும் ஒரே பெயர் எது என்பதில்தான் மல்லுக்கட்டு. அதற்கு உலக அளவில் ஒரு விதி: களத்தில் எது இருக்கிறதோ அதை எழுது. பலகையில் இருப்பதை, ஊரார் சொல்வதை.

மொழியைக் கவனமாகக் கையாள வேண்டிய இடம் இன்னொன்று. மதுரைக் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். ஒவ்வொன்றும் நான்கு திசைக்கு நான்கு துண்டு. 'மேல மாசி வீதி' என்பது மேற்கு மாசி வீதி. 'கீழ மாசி வீதி' கிழக்கு. நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரியும் நாட்டில் பிறந்த திசைச் சொற்கள் இவை. இதை அறியாத ஒருவரோ ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரமோ ஆங்கிலப் பெட்டியில் 'அப்பர்', 'லோயர்' என்று போட்டுவிட்டால், தெரு இருக்கும் திசையே தொலைந்துபோகும். கீழத்தெரு என்ற பெயருள்ள ஒவ்வொரு கிராமத்திலும் இந்த ஆபத்து உண்டு.

பெயர் வலியாகவும் இருக்கும். தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கத் தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக முயற்சி நடக்கிறது. 2025 அக்டோபரிலும் அதற்கு ஓர் அரசாணை வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லுக்கு அகராதியில் குற்றமில்லை. அதை ஊர் யாரைச் சுட்டப் பயன்படுத்தியது என்பதில்தான் குற்றம். களத்தில் இருப்பதை எழுது என்ற விதி இந்த இடத்தில் ஒரு கேள்வியை எழுப்புகிறது: களத்தில் யாரைக் கேட்டு எழுதுவது?

அந்தக் கேள்வி எழும்போதெல்லாம் தருமபுரிப் பக்கம் கிடைத்த இரண்டு பழங்கால மைல்கற்களை நினைத்துக்கொள்கிறேன். அதியமான் பெருவழி என்று சாலையின் பெயர், நாவல் தாவளம் என்று போய்ச் சேரும் இடம், எத்தனை காதம் என்று தொலைவு, மூன்றும் அவற்றில் வெட்டியிருக்கின்றன. இருபத்தொன்பது காதம் உள்ள கல்லில் எழுத்துக்கும் எண்ணுக்கும் கூடவே இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறு குழி. எழுத்துத் தெரியாதவர் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். பெருவழி என்ற சொல்லே ஒரு வகைப்பாடு. கல்லை வெட்டியவருக்கு அந்த வழியில் யாரெல்லாம் வருவார்கள் என்ற நினைப்பு இருந்திருக்கிறது.

கம்மாய்க்கரைக்குத் திரும்புவோம். லாரி புதைந்த கொஞ்ச நாளில் யாரோ கோபத்தோடு அந்தக் கோட்டை 'டிராக்' என்று மாற்றியிருந்தார்கள். வயலுக்கும் தோப்புக்கும் டிராக்டர் போகும் தடம் என்று பொருள். அப்பாடா, இனி எந்த வண்டியும் புதையாது என்று நானும் நினைத்தேன். பல வழிகாட்டி நிரல்கள் காருக்கு டிராக்கைத் தவிர்த்துவிடும், அல்லது வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கும். தை மாதம் ஒரு கல்யாணத்துக்குத் திருப்பூரிலிருந்து வேனில் கிளம்பி வந்தவர்கள் கரையின் மறுமுனையில் இருக்கும் குடியிருப்புக்கு வழி கிடைக்காமல் இரண்டு மணி நேரம் சுற்றினார்கள். வரைபடத்தின் கணக்கில் அந்த நாற்பது வீடுகளுக்குச் சாலையே இல்லை.

இந்த முறை நடந்தே போனேன். கரை தொடங்கும் இடத்து டீக்கடையில் பெரியவர் ஒருவரிடம் இந்த ரோட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "பேரென்ன தம்பி பேரு. காலனி ரோடு. மழைக்காலத்துல மாடுகூடப் போகாது."

கரை நெடுக நடந்தேன். ஒன்றரைக் கிலோமீட்டர். அடியெடுத்து அகலம் பார்த்ததில் எங்கும் மூன்றரை மீட்டருக்குக் குறையவில்லை. சரளை நன்றாகவே இறுகியிருந்தது. கலுங்கை ஒட்டிய முப்பது மீட்டர் மட்டும் வெறும் மண். லாரி அங்கேதான் புதைந்தது. அரை மணி நேரத்தில் பள்ளிக்கூட வேன் ஒன்று, கேஸ் சிலிண்டர் ஆட்டோ ஒன்று, மோட்டார் சைக்கிள்கள் பதினொன்று என்னைக் கடந்தன. மறுமுனையில் குழாயடியில் நின்ற அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

"டீக்கடையில காலனி ரோடுன்னாங்களா?" என்று முதலில் அவர் என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். "அது அவுக வாய்ல வர்றது தம்பி. எங்களுக்கு இது ஊருணி ரோடு. எங்க ஆத்தா காலத்துல இருந்தே ஊருணி ரோடுதான். போகவர இந்த ஒரு ரோடுதான் எங்களுக்கு."

டீக்கடைக்கு அது ஒரு கரை. இங்கிருப்பவர்களுக்கு உலகத்தோடு இருக்கும் ஒரே இணைப்பு. ஊரையும் ஊரையும் சேர்க்கும் கடைசிப்படிச் சாலை என்று முன்னே சொன்னேனே, அச்சாக அதுதான் இது. குழாயடித் திண்டில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே திருத்தினேன். வகை: அன்கிளாசிஃபைடு. மேற்பரப்பு: சரளை. கலுங்கு ஓரத்து முப்பது மீட்டரைத் தனியே வெட்டி, அதற்கு மட்டும் மண். அகலம்: 3.5 மீட்டர். டெர்ஷியரியைவிடக் கீழான வகை, அதோடு மண் என்று கண்டால் பல நிரல்கள் வேகத்தைக் குறைக்கும். குறுக்குவழி தேடும் பந்தல் லாரிக்கு இது லாபமாகத் தெரியாது. இங்கேயே வர வேண்டிய வேனுக்கு வழி திறந்திருக்கும். பெயர்: ஊருணி ரோடு. காலனி ரோடு என்பதை எந்தப் பெட்டியிலும் போடவில்லை. பழைய பெயர்ப் பெட்டியில் போட்டால் தேடுபவருக்கு உதவுமே என்று ஒரு நண்பர் பிறகு வாதாடினார். அந்தச் சாலையில் குடியிருப்பவர்கள் அதை ஒருநாளும் தங்கள் பெயராக ஏற்கவில்லை என்பதே என் பதில்.

"போட்டுட்டீங்களா?" என்றார் அந்த அம்மா. திரையைக் காட்டினேன். தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். ஏழெட்டு வயதிருக்கும். சிறுமி எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு விரலால் கோட்டின்மேலேயே நடந்து ஊருணி வரை போனாள்.

"ஊருணிக்கு அங்கிட்டு எங்க சித்தி வீட்டுக்கு ஒரு சந்து போகும். அதைக் காணோமே?" என்றாள்.

அவளையே முன்னே நடக்கச் சொல்லி, ஜி.பி.எஸ்.ஸை இயக்கிக்கொண்டு பின்னால் போனேன்.